சிவப்பு யாருக்கு, பச்சை எத்தனை வினாடி: போக்குவரத்துப் பொறியாளர் பதில்கள்

மாநகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் 19 ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். என் வேலை என்னவென்று தெரிந்ததும் யாராவது ஒருவர் தன் வீட்டருகே இருக்கும் சிக்னலைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கிவிடுவார். இங்கு வந்திருக்கும் கேள்விகளிலும் பாதி அந்த வகைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சாலைக்கு 20 வினாடி பச்சை, குறுக்குச் சாலைக்கு 50. இதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?

நாங்கள்தான். முதலில் ஆட்கள் சந்திப்பில் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வண்டிகள் வந்தன, எத்தனை திரும்பின என்று 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுவார்கள். இப்போது கேமரா எண்ணுகிறது என்றாலும் நான் நேரில் போய் நிற்காமல் எதையும் மாற்றுவதில்லை. வளைவில் ஒரு சரக்கு வண்டி தினமும் அரை மணி நேரம் நின்று பாதித் தடத்தை அடைத்துக்கொள்வதைக் கணக்கெடுப்பு சொல்லாது.

அதன் பிறகுதான் கணக்கு. பச்சை விழுந்து ஓட்டம் சீரானதும் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 வினாடிக்கு ஒரு கார் கடக்கும். ஆனால் பச்சை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சுமார் 4 வினாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது: முதல் வண்டி கிளம்பும் தாமதம், கடைசி வண்டி சந்திப்பைக் காலி செய்யும் நேரம். எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிவதுதான் ஒரு சுற்று; நான்கு முறை மாறும் சந்திப்பில் ஒரு சுற்றுக்கு 16 வினாடி வீண். சுற்று 60 வினாடி என்றால் மணிக்கு 16 நிமிடம் போய்விடும். 120 வினாடி என்றால் 8 நிமிடம்தான். "சிவப்பு ஏன் இவ்வளவு நீளம்" என்பதற்கு விடை இதுதான்.

பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த வெப்ஸ்டர் 1958-இல் கொடுத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, 5 கூட்டி, சந்திப்பில் மிச்சமிருக்கும் கொள்ளளவின் பங்கால் வகுக்க வேண்டும். அந்த 16 வினாடிச் சந்திப்பில் 70 சதவீதம் நிரம்பியிருந்தால், மிச்சம் 0.3, சுற்று 97 வினாடி வரும். 90 சதவீதம் நிரம்பினால் 290 வினாடி! கிட்டத்தட்ட ஐந்து நிமிடச் சுற்றை யாரும் பொறுக்கமாட்டார்கள். அந்த நிலைக்கு வந்த சந்திப்பில் வினாடிகளை இங்கும் அங்கும் நகர்த்திப் பயனில்லை. உங்களுக்கு 5 வினாடி கூட்டினால் அது குறுக்குச் சாலைக்காரரின் 5 வினாடி; அவரும் என்னிடம்தான் மனு கொடுப்பார்.

கேள்வி: நள்ளிரவு. குறுக்குச் சாலையில் ஒரு வண்டி கூட இல்லை. அதற்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. ஏன்?

சில சிக்னல்களுக்கு இரவு பகல் எல்லாம் ஒரே நேர அட்டவணைதான். அதைத் திருத்துவது எளிது. வண்டியை உணரும் சிக்னலிலும் இப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தாருக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருளை. மேலே வண்டி நின்றால் அதன் மின் அளவு மாறும், சிக்னலை இயக்கும் பெட்டிக்குச் செய்தி போகும். குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டுபவர்கள் அந்தக் கம்பியை அறுத்துவிடுவார்கள். கம்பி அறுந்தால் "அங்கே எப்போதும் வண்டி இருக்கிறது" என்று பெட்டி எடுத்துக்கொள்ளும்படிதான் பெரும்பாலும் அமைத்திருக்கிறோம். நிஜமாகவே ஒருவர் காத்திருந்து, அவருக்குப் பச்சையே வராமல் போவதைவிட இது மேல். நீங்கள் பார்த்தது பழுதுதான், ஆனால் பத்திரமான பழுது. புகார் கொடுங்கள்.

கேள்வி: மஞ்சள் மூன்றே வினாடி. அபராதம் வசூலிக்க வைத்த பொறியா?

இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லமாட்டேன். மஞ்சள் குறைந்தால் சிவப்பைத் தாண்டுவோர் கூடுவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த எண் குத்துமதிப்பாக வைத்ததல்ல. காஸிஸ், ஹெர்மன், மராடுடின் என்ற மூவர் 1960-இல் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: நிற்கவும் முடியாமல், கடக்கவும் முடியாமல் ஓட்டுநர் மாட்டிக்கொள்ளும் இடம் சாலையில் இருக்கிறதா? இருக்கிறது, மஞ்சள் போதாவிட்டால். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவருக்குச் சுதாரிக்க 1 வினாடி, மிதமான பிரேக் என்று கணக்கிட்டால் நிற்க 46 மீட்டர் வேண்டும்; மஞ்சள் 3.3 வினாடி வரும். 80 கிலோமீட்டருக்கு 4.7. ஆகவே 50 கிலோமீட்டர் சாலையில் மூன்று வினாடி என்பது கொஞ்சம் இறுக்கம். 80 கிலோமீட்டர் சாலையில் அதே மூன்று என்றால் அது தவறு, எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பாதசாரிகளுக்கான பொத்தான் வெறும் அலங்காரமா?

பல இடங்களில் பகலில் ஆம். பாதசாரிக்கான நேரம் ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே வரும் சந்திப்பில், நீங்கள் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். போக்குவரத்து குறைந்த வேளையில்தான் அதற்கு வேலை. இதை அங்கே எழுதி வைக்காதது எங்கள் தவறு.

கேள்வி: எங்கள் தெருவுக்கு வேகத்தடை கேட்டு மூன்று வருடம் ஆகிறது. ஏன் இழுத்தடிக்கிறீர்கள்?

ஒரு தெருக்காரர் என் மேசைக்கு ஏழு முறை வந்து வேகத்தடை வாங்கிப் போனார். எட்டாவது முறை வந்தபோது அதை எடுத்துவிடச் சொன்னார். லாரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஜன்னல் அதிர்கிறதாம், இரவில் தூக்கமில்லையாம். வேகத்தடை அவர் வாசலுக்கு நேராகவே இருந்தது. அந்த இடத்தைக் காட்டியவரும் அவர்தான்.

ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் ஒவ்வொரு மேட்டிலும் சில வினாடிகளை இழக்கின்றன. மேட்டின் உயரமும் நீளமும் அளவாக இல்லாவிட்டால் முதுகு போகும். தெரு அகலமாகவும் நேராகவும் இருப்பதால்தான் வண்டிகள் பறக்கின்றன என்றால், தெருமுனையின் வளைவை இறுக்கி, மக்கள் கடக்கும் இடத்தில் சாலையைக் குறுக்குவது பல நேரம் நல்ல வழி. ஆனால் அதைக் கேட்டு யாரும் மனு கொடுப்பதில்லை.

கேள்வி: சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் தீராதா?

சில குறுகிய முடிச்சுகளில் தீரும். நகரம் முழுவதற்கும் தீராது. இடம் கிடைத்ததும், அதுவரை வேறு நேரத்தில், வேறு வழியில் போனவர்கள் அங்கே வந்துவிடுகிறார்கள். புதிய இணைப்புச் சாலையே எல்லோருடைய பயணத்தையும் நீளமாக்கக்கூடும் என்று ஜெர்மன் கணித அறிஞர் டீட்ரிச் பிராஸ் 1968-இல் காட்டினார். சியோல் நகரம் 2003-இல் ஒரு மேம்பாலச் சாலையையே இடித்துவிட்டு, அதன் அடியில் இருந்த ஓடையை 2005-இல் திறந்தது; நகரம் ஸ்தம்பித்துப் போகவில்லை. ஸ்டாக்ஹோம் 2006-இல் மைய நகருக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளுக்குச் சோதனையாகக் கட்டணம் போட்டபோது, அந்த எல்லையில் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள். கட்டணம் என்ற சொல்லை மன்றக் கூட்டத்தில் உச்சரித்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

கேள்வி: இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

கட்டடப் பொறியியல், அதில் போக்குவரத்துச் சிறப்புப் பாடம். கொஞ்சம் புள்ளியியல். அதைவிட முக்கியம், கோபமாக இருப்பவருக்குத் தெளிவாக ஒரு கடிதம் எழுதத் தெரிவது.

கேள்வி: நீங்கள் செய்த பெரிய தவறு?

14 மீட்டர் அகலச் சாலை. நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்ற வழக்கமான அளவை வைத்து, பாதசாரிகளுக்கு 12 வினாடி கொடுத்தேன். கணக்கில் பிழையில்லை. சந்திப்பின் ஒரு மூலையில் மருத்துவமனை வாசல் இருந்ததை வரைபடத்தில் பார்த்தேன். அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை. திறந்த வாரத்தில் போய் நின்றபோது, கைத்தடியோடு ஒரு முதியவர் இறங்கினார். அவர் நடை வினாடிக்கு 0.8 மீட்டர்தான் இருக்கும். 12 வினாடி முடிந்தபோது அவருக்கு இன்னும் நாலரை மீட்டர் மிச்சம். முதல் தடத்தில் நின்ற பஸ் ஓட்டுநர் கையைக் காட்டி நின்றுகொண்டார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அன்று மாலையே 18 ஆக்கினேன். பிரதான சாலையில் வரிசை நீண்டது, புகார் வந்தது. மாற்றவில்லை.

கேள்வி: புகார் எழுதினால் நீங்கள் உண்மையிலேயே படிக்கிறீர்களா? எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

படிக்கிறேன். எந்தச் சந்திப்பு, எந்தத் திசையிலிருந்து வந்தீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பச்சைக்குக் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். "செவ்வாய் காலை 8.40, வலது திரும்ப மூன்று பச்சை காத்திருந்தேன்" என்று வந்தால் அடுத்த செவ்வாய் 8.30-க்கு அங்கே நிற்பேன். "எப்போதும் நெரிசல்" என்று வந்தால் நான் எங்கே போய் நிற்பது?