கெல்டிக் ராணிகள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: அக்கா, பழங்கால பிரிட்டன், அயர்லாந்து பக்கத்துக் கெல்டிக் மக்களை வைத்து எழுதும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எதை எடுத்தாலும் நாயகி வாளோடுதான் வருகிறாள். நிஜத்தில் பெண்கள் போருக்குப் போனார்களா?

பதில்: போனவர்கள் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் பெண் படை இருந்த மாதிரி எழுதுவதெல்லாம் கற்பனைதான். எல்லோரும் கை காட்டுவது பூடிக்காவை. கிழக்கு பிரிட்டனில் ஐசீனி மக்களின் ராணி. கணவர் தன் ராஜ்ஜியத்துக்கு இரண்டு மகள்களோடு ரோமானியப் பேரரசன் நீரோவையும் வாரிசாக எழுதி வைத்துவிட்டுத்தான் செத்தார், அப்படியும் ரோமானியர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, அவளைக் கசையால் அடித்து, மகள்களை நாசம் செய்தார்கள். கி.பி. 60 வாக்கில் அவள் கிளம்பியதும் கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் மூன்றும் எரிந்து போயின. கோல்செஸ்டரில் ஆழமாகத் தோண்டினால் இன்றைக்கும் வெந்து சிவந்த அந்த மண் அடுக்கு தட்டுப்படும். ஆனால் அவள் தன் கையால் யாரையாவது வெட்டியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதவில்லை. மகள்களை முன்னால் வைத்துக்கொண்டு தேரில் ஒவ்வொரு குலமாகப் போய்ப் பேசினாள் என்கிறார். எனக்கு அந்த ஒரு காட்சி போதும், வாள் சண்டை வேண்டாம்.

கேள்வி: பூடிக்காவை வைத்து ஏகப்பட்ட கதை வந்தாச்சு. வேறு யார்?

பதில்: கார்ட்டிமாண்டுவா! வட இங்கிலாந்தில் பிரிகான்டிஸ் மக்களின் ராணி. ரோமானியர்களை எதிர்த்துத் தோற்று அடைக்கலம் தேடி வந்த கராட்டகஸை கி.பி. 51-இல் விலங்கு மாட்டி அவர்களிடமே ஒப்படைத்தவள். அப்புறம் கணவன் வெனூஷியஸைத் தள்ளிவிட்டு, அவனுக்கு ஆயுதம் சுமந்தவனையே கட்டிக்கொண்டு ஆட்சியிலும் பங்கு கொடுத்தாள். 69-இல் ரோமுக்குள்ளேயே அடிதடி நடக்கும் நேரம் பார்த்து பழைய கணவன் படை திரட்டி நாட்டைப் பிடித்தான், ரோமானியர்கள் அவளை மட்டும் மீட்டுக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. மிகுபுனைவு எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நல்லவளாக்கத்தான் பலரும் பார்க்கிறார்கள், அப்படி ஆக்காமல் எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கேள்வி: ஐரிஷ் கதையில் வரும் மேவ் ராணி வில்லியா?

பதில்: அவளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், அதனால் கொஞ்சம் அப்படித்தான் தெரிவாள். கதை படுக்கையில் தொடங்குகிறது. யாருக்குச் சொத்து அதிகம் என்று அவளுக்கும் கணவன் அலில்லுக்கும் வாக்குவாதம். பானை சட்டி, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒப்பிட்டால் சரிசமம், அவனிடம் ஒரே ஒரு வெள்ளைக்கொம்புக் காளை கூடுதல். அதுவும் அவளுடைய மந்தையில் பிறந்ததுதான், ஒரு பெண்ணிடம் இருப்பது கௌரவக் குறைச்சல் என்று அவன் பக்கம் போய்விட்டதாம்! ஈடாக அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் இருந்த பழுப்புக் காளையை ஓராண்டுக்கு இரவல் கேட்கிறாள், பேரமும் முடிகிறது. அன்றிரவு அவளுடைய தூதர்கள் குடித்துவிட்டு, "தராவிட்டால் பறித்திருப்போம்" என்று உளற, காரியம் கெட்டுப் போர் மூள்கிறது. கணவனைவிட ஒரு மாடு கூடத் தனக்குக் குறையக் கூடாது என்பதற்காகப் படை எடுத்தவளை வில்லி என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: கெல்டிக் மக்களின் பூசாரிகளான ட்ரூயிட்களில் பெண்களும் உண்டா?

பதில்: வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்ஸி தீவில் ரோமானியப் படை இறங்கியபோது கறுப்பு உடையில், தலைவிரி கோலமாக, தீப்பந்தத்தோடு பெண்கள் ஓடியதாக டாசிட்டஸ் சொல்கிறார். ஆனால் ட்ரூயிட்களை அவர் தனியாகத்தான் குறிப்பிடுகிறார், அதனால் அந்தப் பெண்களைப் பூசாரிணிகள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: நான் ஒரு நாவல் எழுதுகிறேன். பெண்ணை எப்படிக் காட்டுவது?

பதில்: முதலில் அந்தத் தோல் உள்ளாடைக் கவசத்தைக் கழற்றுங்கள். கட்டம் போட்ட கம்பளி உடை, தோளில் ஊசிப் பதக்கம், பணக்காரி என்றால் கழுத்தில் பொன் வளையம். அங்கவடி அப்போது கிடையாது, அதில் கால் வைத்து அவளைக் குதிரை ஏற்றாதீர்கள். மாயம் வேண்டுமென்றால் ஸ்காஹாக்கைப் பாருங்கள், குஹூலின் என்ற மாவீரனுக்கே போர் வித்தை சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவள்தான். அப்புறம் தெற்கு இங்கிலாந்தில் டார்செட் கல்லறைகளின் மரபணு ஆய்வு 2025-இல் வந்தது, அதையும் தேடிப் படியுங்கள். அந்த ஊரில் பெண்கள் பிறந்த இடத்திலேயே இருக்க, ஆண்கள்தான் வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் நாயகி புகுந்த வீடு போகிற அத்தியாயம் ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள்.