சிபில் ரிப்போர்ட்டில் பழைய முகவரி, பழைய நம்பர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாம் வாங்கிய கடன்களின் விவரங்களை வங்கிகளிடமிருந்து திரட்டி, சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். பெயர், முகவரி, போன் நம்பர் இருக்கும் பகுதியை நிதானமாகப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. படித்ததற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

என் சிபில் ரிப்போர்ட்டில் நான்கு முகவரிகள் இருக்கின்றன. மூன்று, எப்போதோ காலி செய்த வாடகை வீடுகள். ஸ்கோர் குறையுமா? நீக்க முடியுமா?

ஸ்கோர் குறையாது. 300 முதல் 900 வரையிலான அந்த எண், நீங்கள் தவணை கட்டிய விதம், கார்டு லிமிட்டில் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள், எத்தனை இடங்களில் கடன் கேட்டீர்கள் என்பவற்றை வைத்து வருவது. வீட்டு முகவரிக்கு அதில் வேலையில்லை.

நீக்குவதுதான் சிக்கல். கடன் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரியை வங்கி அனுப்புகிறது. சிபில் அதைத் தேதியோடு பதிவு செய்கிறது. அங்கே குடியிருந்தது உண்மை என்றால் அது பழைய தகவல்தான், தவறான தகவல் இல்லை. அதனால் ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டாலும் மறுக்கப்படலாம். அதற்காக அலைவதைவிட, இப்போது கடனோ கார்டோ உள்ள ஒவ்வொரு வங்கியிலும் புது முகவரியைக் கொடுத்துவிடுங்கள். முகவரி மட்டும்தான் மாறியிருக்கிறது என்றால், மொபைல் ஆப், மெயில், கடிதம் ஏதாவது ஒன்றின் வழியாக நீங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். வங்கி இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், புது முகவரி ரிப்போர்ட்டில் ஏற அதிக காலம் ஆகாது.

இன்னொன்று. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கி நான்குக்கும் தகவல் தர வேண்டும். அதனால்தான் திருத்தத்தை வங்கியில் தொடங்கச் சொல்கிறேன்.

பழைய மொபைல் நம்பர் ஒன்று இருக்கிறது. சிம்மைத் தூக்கிப் போட்டு வருடக்கணக்கில் ஆகிறது. அப்படியே விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். முகவரி விஷயத்தில் அவசரமில்லை என்றேன். இதில் அவசரம் இருக்கிறது.

நீங்கள் விட்ட நம்பர் அப்படியே சும்மா கிடக்காது. இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழிந்தபின் தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். யாராவது உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லும் முதல் எச்சரிக்கை மணி அது. அந்தச் செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில், அந்த நம்பர் எந்த வங்கிக் கணக்கிலாவது இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முடித்துவிட்ட கடன்களையும் விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த பல கோப்புகளில் பழைய நம்பர் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வங்கியில் மாற்றிய பிறகு, சிபில் உட்பட நான்கு நிறுவனங்களின் தளங்களிலும் உங்கள் லாகினில் உள்ள நம்பரைத் தனியாக மாற்றுங்கள். இது இரண்டும் வேறு வேறு வேலை.

பான் கார்டில் அப்பா பெயர் சேர்ந்து முழுப்பெயர். வங்கியில் இனிஷியல். ரிப்போர்ட்டில் மூன்று விதமாகப் பெயர் வருகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்து எழுத வேண்டும். அதனால் ‘எஸ். குமார்’ என்பவர் ஓரிடத்தில் ‘குமார் சுந்தரம்’, இன்னோரிடத்தில் ‘சுந்தரம் குமார்’ ஆகிவிடுகிறார்.

பான் எண்ணும் பிறந்த தேதியும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பான் பதியாத பழைய கடன்கள்தான் ஆபத்து. அங்கே பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை வைத்துப் பொருத்தும்போது, அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் கோப்பில் வந்து சேரலாம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன் உங்கள் கோப்பில் வராமலும் போகலாம். பானில் இருக்கும் எழுத்துகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதேபோல மாற்றிவிடுங்கள்.

நான் வாழ்நாளில் போகாத ஊரின் முகவரி என் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

இதைப் பழைய தகவல் கணக்கில் சேர்க்காதீர்கள். உடனே அதே ரிப்போர்ட்டில் கடன் கணக்குகளையும் என்குயரி பட்டியலையும் (எங்கெங்கே கடன் கேட்கப்பட்டது என்ற பதிவு) வரிவரியாகப் பாருங்கள். தெரியாத கடனோ, நீங்கள் கேட்காத விண்ணப்பமோ இருந்தால் உங்கள் ஆவணம் தவறான கைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த முகவரி, கடன் இரண்டுக்கும் சேர்த்து சிபிலில் டிஸ்பியூட் போடுங்கள் (தகவல் தவறு என்று பதிவு செய்யும் புகார்), அந்தக் கடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் செய்யுங்கள். கணக்குகள் எல்லாம் உங்களுடையவை, முகவரி மட்டும்தான் அந்நியம் என்றால் தட்டச்சுப் பிழையாகவோ, கூட்டுக் கடன் வாங்கியவரின் முகவரியாகவோ இருக்கலாம். அப்போதும் டிஸ்பியூட் போட்டு நீக்கச் சொல்லுங்கள்.

கடன் வாங்கியது லட்சுமி விலாஸ் வங்கியில். இப்போது யாரிடம் கேட்பது?

2020 நவம்பரில் அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. இனி அவர்களிடம்தான். இணைந்த எந்த வங்கிக்கும் இதே வழிதான். பழைய கடன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஐயாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். டிஸ்பியூட் போடுவது இலவசம். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் சிபிலே எதையும் மாற்ற முடியாது எனும்போது, இடையில் நிற்பவரால் எப்படி முடியும்? ஓடிபியை அவரிடம் சொல்லிவிட்டால் நஷ்டம் ஐயாயிரத்தோடு நிற்காது.

வங்கியைக் கேட்டால் சிபிலுக்குப் போ என்கிறார்கள், சிபில் வங்கிக்குப் போ என்கிறது. எத்தனை நாள் அலைவது?

முப்பது நாள். அதற்குள் புகாரைத் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 21 நாளுக்குள் வங்கி திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் அந்தப் பணத்தை வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் அது தர வேண்டும். கோரிக்கையை மறுத்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழிந்ததும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வருகின்றன. திருத்தம் நடந்ததா என்று பார்க்கவும் பணம் கட்ட வேண்டாம்: நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.