ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி: ட்யூஷன் சாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஜூனில் காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அவள் அப்பா டைல்ஸ் பட்டறையில் கல் போடுகிறார். இங்கே ட்யூஷன் எடுக்கும் சார், மே மாதத்துக்குள் கிராமர் புத்தகம் முழுவதையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். சேர்க்கலாமா? பிள்ளை நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவாள்.
- ஒரு தாய், ஆத்தங்குடி

பதில்: தாராளமாகச் சேருங்கள், சகோதரி. கிராமர் புத்தகத்தை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். டென்ஸ் அட்டவணையை உருப்போட்ட பிள்ளைகள் 'கோ, வென்ட், கான்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம் நேற்று ஏன் லீவு என்று மிஸ் ஆங்கிலத்தில் கேட்டால் முழிக்கும்.

ஜூனில் உங்கள் மகளுக்கு ஆங்கிலப் பாடத்தைவிட மற்ற பாடங்கள்தான் பெரிய தலைவலியாக இருக்கும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே ஒரே நாளில் மொழி மாறுகின்றன. 3,240-லிருந்து 1,875-ஐக் கழிக்கச் சொன்னால் நொடியில் போடுகிற பிள்ளை, 'ஃபைண்ட் த டிஃபரென்ஸ்' என்று பார்த்ததும் நின்றுவிடும். 'ப்ராடக்ட்' என்றால் பெருக்கல் என்று தெரியாமல் கூட்டி வைக்கும். கணக்கில் வீக் என்று பெயர் வந்துவிடும், கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தும். ட்யூஷன் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

இதற்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மெட்ரிக் பள்ளியும் சமச்சீர் பாடத்திட்டம்தான். தமிழ் வழிப் புத்தகத்திலும் ஆங்கில வழிப் புத்தகத்திலும் அதே பாடங்கள், அதே வரிசை. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இரண்டையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அறிவியல், கணக்கு முதல் பருவப் புத்தகங்களை இரண்டு மொழியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2018-ல் வந்த பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு அறிவியல் 'அளவீடுகள்' என்ற பாடத்தோடு தொடங்குகிறது. முதலில் தமிழில் ஒரு பத்தி, பிறகு அதே பத்தி ஆங்கிலத்தில். நீளம், நிறை, பருமன் என்பதெல்லாம் தமிழில் புரிந்துவிட்டால், ஆங்கிலத்தில் புதிதாகப் படிக்க வேண்டியது சொற்கள் மட்டுமே. ஒரு நாளைக்கு நான்கைந்து சொல் போதும். இருபது எழுதவைத்தால் மறுநாள் இரண்டுதான் மிஞ்சும். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், அந்தச் சொல் வருகிற வரி. மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலான ட்யூஷனில் விட்டுவிடுகிறார்கள். சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் பிள்ளை நிற்பது அதனால்தான்.

ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிப் படிக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அதை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். குத்துகிற 'பின்'னும் குப்பை போடுகிற 'பின்'னும் தமிழில் ஒரே எழுத்து. கண் தமிழைத்தான் படிக்கும், ஆங்கில ஸ்பெல்லிங் மனதில் ஏறவே ஏறாது. டிக்டேஷனில் ப, த, க வருகிற இடங்களிலெல்லாம் எழுத்து மாறிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சேர்க்கும் முன் ஒரு சின்னச் சோதனை. ஐந்தாம் வகுப்பு மூன்றாம் பருவ ஆங்கிலப் புத்தகத்தில் பத்து வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தட்டினால், வாசிப்புப் பயிற்சியை மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குவது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மே மாதத்தில் பின்னால் போய்த் தொடங்கினால் ஜூலையில் நேராக நடக்கலாம்.

அடுத்து, பேச்சு. கூச்சப்படுகிற பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'மைசெல்ஃப்' சொல்லச் சொன்னால் இன்னும் சுருங்கிப்போகும். முதல் வாரத்தில் ஐந்தே வாக்கியங்கள் வாயில் பழகட்டும். 'ஐ டிட் நாட் அண்டர்ஸ்டேண்ட், மிஸ்.' 'ப்ளீஸ் சே இட் அகெய்ன்.' 'விச் பேஜ், மிஸ்?' 'ஹௌ டு யூ ஸ்பெல் இட்?' 'ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட்.' இவை வந்துவிட்டால் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தே நாளை ஓட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது வாரத்தில் அவள் அப்பாவின் வேலையையே பாடமாக்கலாம். ஆத்தங்குடிக் கல், அதாவது கண்ணாடி மேல் வார்க்கிற சிமெண்ட் டைல்ஸ், எப்படிப் போடுகிறார்கள் என்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. எப்படிச் சொல்வது என்பது மட்டுமே மிச்சம். கண்ணாடியைத் துடைக்கிறார்: 'மை ஃபாதர் க்ளீன்ஸ் த கிளாஸ்.' அச்சை வைக்கிறார்: 'ஹி புட்ஸ் த மோல்ட் ஆன் த கிளாஸ்.' வண்ணக் கலவையை ஊற்றுகிறார்: 'ஹி போர்ஸ் த கலர்ஸ்.' அச்சைத் தூக்குகிறார்: 'ஹி லிஃப்ட்ஸ் த மோல்ட்.' உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவுவது, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவது, காயவிடுவது, தண்ணீரில் ஊறப்போடுவது என்று எட்டு வாக்கியம் தேறும். 'ஹி' வந்தால் வினையோடு ஒரு 'ஸ்' ஒட்ட வேண்டும் என்ற விதி, எட்டு முறை வாயில் வந்த பிறகு விதியாகச் சொல்லித்தரத் தேவையே இருக்காது.

மறுநாள் அதையே 'எஸ்டர்டே' என்று தொடங்கச் சொல்லுங்கள். க்ளீன்ட், போர்ட், லிஃப்டட் என்று மாறும், 'புட்' மட்டும் மாறாது. மாறாதது எது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். கிராமர் புத்தகத்தில் நாலு பக்கம் ஓடுகிற சங்கதி இரண்டே நாளில் முடிந்துவிடும். ட்ரை, வெட், சோக் என்ற சொற்கள் பிறகு அறிவியல் பாடத்திலும் கைகொடுக்கும்.

இதில் ஒரு தவறு கட்டாயம் வரும். 'மை ஃபாதர் கிளாஸ் க்ளீன்ஸ்' என்பாள். தமிழில் வினை கடைசியில் வருவதால் நாக்கு அப்படித்தான் போகும். சார் பாதியில் மறித்துத் திருத்தக் கூடாது. எட்டு வாக்கியமும் முடியட்டும், பிறகு ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்துச் சரிசெய்து, இன்னொரு தடவை சொல்லவைக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் குட்டு விழுந்தால் கூச்சமுள்ள பிள்ளை வாயைத் திறக்காது.

இந்தக் காரணத்தால்தான் ட்யூஷனில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இருபது பேர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் வரும். ஆறு, எட்டுப் பேருக்குள் இருந்தால் நல்லது. காரைக்குடியில் பெயர்பெற்ற சென்டரைவிட உங்கள் ஊரிலேயே நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசவைக்கிற ஆள் மேல். பஸ்ஸில் போய் வந்து களைத்த பிள்ளையை உடனே ட்யூஷனுக்குத் துரத்தாதீர்கள். ஏதாவது பலகாரம் சாப்பிட்டு அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் போகட்டும்.

மே மாதம் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும். பத்து நிமிடம் டிக்டேஷன், இருபது நிமிடம் அறிவியல் அல்லது கணக்குப் புத்தக வாசிப்பு, மீதி முழுவதும் பேச்சு. ஜூன், ஜூலையில் நான்கு நாள், முக்கால் மணி நேரம். அன்றைக்கு வகுப்பில் புரியாததை அன்றைக்கே கேட்க. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு இரண்டு நாளாகக் குறைத்துப் பாருங்கள். கட்டணத்தை மாதாமாதம் கொடுங்கள், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம்.

போர்டைப் பார்த்து எழுதுவதிலும் பிள்ளைகள் பின்தங்குவதுண்டு. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினால் மிஸ் போர்டை அழித்துவிடுவார். ஒரு தடவை நிமிர்ந்தால் இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். தினமும் ஐந்து வரி, கடிகாரம் வைத்துப் பழக்கலாம்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது பெரிய குறையில்லை. டிக்டேஷன் நோட்டைப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கக் கண் இருந்தால் போதும். வீட்டில் ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். மாறாக, அன்று நடந்த அறிவியல் பாடத்தை அப்பத்தாவிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால் இடிப்பது ஆங்கிலம் மட்டும்தான், ட்யூஷன் சார் பார்த்துக்கொள்வார். தமிழிலும் தடுமாறினால் பாடமே புரியவில்லை. பள்ளி ஆசிரியரிடம்தான் போக வேண்டும்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் கிளாஸ் மிஸ்ஸை ஒருமுறை நேரில் பாருங்கள். தமிழ் வழியிலிருந்து வந்தவள் என்று சொல்லி இரண்டு உதவி கேளுங்கள்: முன் பெஞ்சில் இடம், முதல் சில வாரம் வாய்மொழிக் கேள்விக்குத் தமிழிலும் பதில் சொல்ல அனுமதி.

கடைசியாக, ட்யூஷன் சார் ஹோம்வொர்க்கைத் தானே சொல்லி எழுதவைக்கிறாரா, கேள்வி-பதிலை உருப்போட வைக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிச் செய்தால் காலாண்டில் மார்க் நன்றாகவே வரும், அதை நம்பிவிடாதீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை சாரையே ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, அவளிடம் கொடுத்து, என்ன கேட்டிருக்கிறது என்று தமிழில் கேளுங்கள். 'டிஃபைன்' (வரையறு), 'டிஸ்டிங்க்விஷ்' (வேறுபடுத்து), 'கிவ் ரீசன்ஸ்' (காரணம் கூறு) என்று வருகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டிலும் அது தெரியவில்லை என்றால் ட்யூஷன் நேரத்தைக் கூட்டாதீர்கள், வேறு சாரைப் பாருங்கள்.