பேனரில் பொன்னெழுத்து வரவழைப்பது எப்படி?

சித்திரைத் திருவிழா பேனரில் ‘மதுரை மீனாட்சி’ என்ற பெயரைப் பொன்னில் வார்த்ததுபோல் ஃபோட்டோஷாப்பில் அமைப்பது எப்படி என்றும், ‘ரை’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுவதால், அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு; ஆகவே 2022க்கு முந்தைய ஃபோட்டோஷாப் பதிப்பாக இருந்தால், அமைப்புகளின் (Preferences) ‘டைப்’ பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிவிட்டுப் புதிய கோப்பில் தட்டச்சு செய்யுங்கள்.

பொன்னிறத்துக்கு, தடித்த எழுத்துருவை எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு நிறம், நிழல் போன்ற விளைவுகளைச் சேர்க்கும் லேயர் ஸ்டைலின் ‘கிரேடியன்ட் ஓவர்லே’யில் அடர்பழுப்பு, மஞ்சள், ஏறத்தாழ வெண்மை, மீண்டும் பழுப்பு என நிறங்களை அடுக்கி, ‘பெவல் அண்ட் எம்பாஸ்’ கொண்டு விளிம்பை உயர்த்த வேண்டும். உலோகமாகத் தோன்றச் செய்வது மஞ்சள் அன்று. வெண்மையிலிருந்து பழுப்புக்குச் சட்டென்று இறங்கும் அந்த மாற்றமே. நிழல் சிறிதளவு போதும். மாசி வீதிகளில் தொலைவிலிருந்தே படிப்பார்கள் என்பதால், ‘ஸ்ட்ரோக்’ மூலம் அடர்சிவப்புக் கரை ஒன்றைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.