சங்கம் வேறு, தொழிற்சங்கம் வேறு: செவிலியர் கேள்வி-பதில்

இம்மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில் பணிபுரியும் ஆப்பிரிக்கச் செவிலியரைப் பற்றியவை. அவர்களோடு ஒரே வார்டில் இரவுப் பணி பார்க்கும் நம் வாசகர்கள், தோழிகளின் சார்பில் கேட்டிருக்கிறார்கள்.

கே: கானாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் சக செவிலியர் எந்தச் சங்கத்தில் சேரலாம்? (லெஸ்டர்)

ப: பிரிட்டனில் கானா செவிலியருக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. நைஜீரியா, கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வே நாட்டவருக்கும் தனித்தனியே உண்டு. வாடகை வீடு பார்ப்பதில் தொடங்கி, பதவி உயர்வு நேர்காணலுக்குத் தயார் செய்வது வரை கைகொடுப்பார்கள். தாராளமாகச் சேரட்டும். கூடவே ஒரு தொழிற்சங்கத்திலும் சேரட்டும். காரணம் கீழே வருகிறது.

கே: பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கான ஆஸ்கி செய்முறைத் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டார். சங்கத்தால் உதவ முடியுமா? (லூட்டன்)

ப: முடியும். பல சங்கங்கள் மாதிரித் தேர்வு நடத்துகின்றன. சனிக்கிழமை ஒரு தேவாலயக் கூடத்தில் மேசைகளைப் பிரித்துப் போட்டு, பிளாஸ்டிக் கை ஒன்றை வைத்து, கடிகாரத்தோடு ஒருவர் எதிரே நிற்பார். பத்தாண்டு அனுபவமுள்ளவர்கள் அங்கே தடுமாறுவது ஊசி போடுவதில் அல்ல. நோயாளியின் கைப்பட்டையை மருந்துத் தாளோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று வாய்விட்டுக் கேட்க மறப்பதில்தான். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகள் மட்டுமே என்பதால், அடுத்த தேதி வாங்கும் முன் பயிற்சியை முடிக்கட்டும்.

கே: மருந்துப் பிழைக்காக ஜிம்பாப்வே தோழிக்கு ஒழுங்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. அவருடைய சங்கத் தலைவர் வந்து வாதாடுவாரா? அவசரம். (பர்மிங்காம்)

ப: அவசரம் என்று எழுதியவர் விசாரணைத் தேதியை எழுதவில்லை. தோழி தொழிற்சங்க உறுப்பினரா என்பதும் கடிதத்தில் இல்லை. இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

நைஜீரியாவிலும் கானாவிலும் சங்கம் என்ற பெயரில் இயங்கும் தேசியச் செவிலியர் அமைப்புகளே ஊதியப் பேச்சுவார்த்தையும் நடத்துகின்றன, வேலைநிறுத்தமும் அறிவிக்கின்றன. 2025ஆம் ஆண்டில் இரு நாடுகளிலும் அப்படி நடந்தது. அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறி வருகிறவர், இங்குள்ள நாட்டுச் சங்கத்தையும் அதே வலிமையுடையது என்று நம்பிவிடுகிறார். இங்கே அது நட்புக்கும் வழிகாட்டலுக்குமான அமைப்பு, அவ்வளவுதான். 1999ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டப்படி, ஒழுங்கு விசாரணைக்கு உடன் அழைத்துச் செல்லும் உரிமை இரு வகையினருக்கு மட்டுமே பொருந்தும்: ஒருவர் தொழிற்சங்கப் பிரதிநிதி, மற்றவர் அதே நிறுவனத்தில் வேலை செய்யும் சக ஊழியர். சங்கத் தலைவர் வேறொரு மருத்துவமனையில் பணிபுரிகிறார் என்றால் அவர் இரண்டிலும் சேரமாட்டார். மூன்று மணி நேரம் ரயிலில் வந்த ஒரு தலைவரை வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, அந்தச் செவிலியரைத் தனியாக உள்ளே அழைத்துச் சென்றதை ஒரு மருத்துவமனையில் நானே பார்த்திருக்கிறேன். சட்டப்படி அவர்கள் செய்ததில் பிழையில்லை என்பதுதான் எரிச்சல்.

தோழி இப்போது செய்ய வேண்டியது: தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் இன்றே அழைக்கட்டும். பிரதிநிதிக்கு அந்த நாளில் வர இயலாவிட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் வேறு தேதி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. உறுப்பினரல்ல என்றால் வார்டில் நம்பிக்கையான ஒருவரை அழைக்கட்டும். அவர் தோழியின் தரப்பை எடுத்துரைக்கலாம், தொகுத்துச் சொல்லலாம், ஆனால் தோழியிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. கடிதம் வந்த பிறகு ஆர்.சி.என். (ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்) போன்ற தொழிற்சங்கத்தில் சேர்ந்தால், சேருவதற்கு முன் நடந்த பிழைக்கு அவர்கள் வாதாட வரமாட்டார்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் போகாதீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் எழுதுகிறேன். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். விசாவுக்குப் பொறுப்பேற்கும் புதிய முதலாளியை, அதாவது ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 60 நாட்கள்தான் கிடைக்கும். எனவே யாரிடமும் கேட்காமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

கே: வேலையை விட்டால் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். சரியா? (ஷெஃபீல்டு)

ப: எத்தனை ஆயிரம், எதற்கான செலவு, எத்தனை மாதப் பணிக்குப் பிறகு என்று ஒன்றும் இல்லாத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பொதுவாக, ஆளை வரவழைக்க மருத்துவமனை செய்த செலவைத் திருப்பிக் கேட்பதென்றால், அதன் விவரம் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும் என்றும், பணிக்காலம் கூடக் கூடத் தொகை குறைய வேண்டும் என்றும் பிரிட்டன் அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறை எதிர்பார்க்கிறது. ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கத்திடம் காட்டட்டும். இனிமேலாவது படித்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

கே: சங்கத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் வாட்ஸப்பில் வேலைக்குப் பணம் கேட்கிறார். (நைரோபியில் தோழியுள்ள வாசகி)

ப: கொடுக்க வேண்டாம். வேலை வாங்கித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கே: நைஜீரியா சிவப்புப் பட்டியலில் இருப்பதால் அங்கிருந்து செவிலியர் வரவே கூடாதா? (குரோய்டன்)

ப: வரலாம். பிரிட்டனின் சிவப்புப் பட்டியல், சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறையுள்ள 55 நாடுகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பட்டியலை அடிப்படையாகக் கொண்டது; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்க நாடுகள். முகவர்களும் மருத்துவமனைகளும் அங்கே போய் ஆள் பிடிப்பதற்குத்தான் தடை. செவிலியர் தாமாக விண்ணப்பிப்பதற்கு அல்ல. நல்லெண்ணத்தோடுகூட அந்த நாடுகளில் ஆள் சேர்க்கும் விளம்பரங்களைச் சங்கங்கள் பரப்பாமல் இருப்பது நல்லது.

கே: என்.எம்.சி. (செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம்), தொழிற்சங்கம், நாட்டுச் சங்கம் என்று மூன்று சந்தா கட்டுவது கட்டுப்படியாகவில்லை என்கிறார். (ரெடிங்)

ப: என்.எம்.சி. இல்லாமல் வேலையே இல்லை. தொழிற்சங்கத்தை ஏன் விடக்கூடாது என்று மேலே எழுதிவிட்டேன். என்.எம்.சி. கட்டணத்துக்கும் ஆர்.சி.என். சந்தாவுக்கும் வருமான வரிச் சலுகை உண்டு, கடந்த நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கோரலாம். விண்ணப்பத்தை அவரே நிரப்பலாம். இதற்கும் முகவரைத் தேடிப் போக வேண்டாம்.