இம்ப்ரெசாவா, இவோவா? இவோவை விற்பவர் காட்டாத தாள்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இங்கேயே 2006-இல் பதிவான சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ (2.5 லிட்டர்) ஒன்றும், அண்மையில் ஜப்பானிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர் இவோ 9 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். சுபாரு எஞ்சின் சீக்கிரம் போய்விடும் என்கிறார் இவோவை விற்பவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்த 2.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவதுண்டு. டர்போ அழுத்தத்தை ஏற்றி டியூன் செய்த வண்டிகளில்தான் இது அதிகம். நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால், அல்லது டெஸ்டுக்கே விற்பவர் மறுத்தால், விட்டுவிடுங்கள்.

இவோவின் இரும்பு பிளாக் எஞ்சின் உறுதியானது, சரி. ஆனால் பின்பக்க டிஃபரன்ஷியலை (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பாகம்) இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் துருப்பிடித்துப் போனால் பெருஞ்செலவு. அதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் சொல்லாத இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. ஜப்பானில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஆய்வுத் தாள் உண்டு. விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்ததென்றால் அதில் ‘ஆர்’ என்று தரம் போட்டிருப்பார்கள். கப்பலேறி இங்கே வருவதற்குள் அந்தத் தாள் ‘தொலைந்துவிடும்’! இங்கே ஓடிய வண்டிக்கு எம்ஓடி (ஆண்டுதோறும் கட்டாயமான வாகனச் சோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இறக்குமதி வண்டிக்கு அது இங்கே வந்த நாளிலிருந்துதான் தொடங்கும்; அதற்கு முன் ஓடியது எவ்வளவு என்பதற்கு விற்பவரின் வாய்தான் சாட்சி. சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டினால் தாளின் நகலைத் தேடித்தருபவர்கள் இருக்கிறார்கள்.

‘நண்பருடைய வண்டி, நான் விற்றுத் தருகிறேன்’ என்றால் இன்னும் உஷார். வியாபாரியிடம் வாங்கினால், பழுதுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பித்தர 2015 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. தனிநபரிடம் அந்த உரிமை இல்லை. அதற்காகவே சில வியாபாரிகள் போடுவது இந்த நண்பர் வேடம்.

அப்புறம், இம்ப்ரெசாவின் சாலை வரி. லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் வரிக்கு உச்சவரம்பு உண்டு. அன்றோ பிறகோ என்றால் இல்லை. வித்தியாசம் ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல். நம்பர் பிளேட்டை நம்பாதீர்கள்: ‘06’ பிளேட் மார்ச் 1-இலேயே வந்துவிட்டது, ஆகவே அதே ‘06’ வண்டி இரண்டு பக்கமும் விழலாம். ஒரே எஞ்சின், ஒரே புகை, ஒருநாள் தள்ளிப் பதிவானதற்கு இத்தனை தண்டம். இத்தனை ஆண்டாகியும் இதைத் திருத்த அரசுக்கு மனமில்லை.

டெஸ்டில் தேறினால் இம்ப்ரெசாவையே எடுங்கள். ஏலத் தாள் கைக்கு வந்து, பம்பும் சரியாக இருந்தால் மட்டும் இவோ. எதுவானாலும் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.