கழுத்துக் கறுப்பு: தேய்ப்பதை நிறுத்துங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பின்கழுத்தும் அக்குளும் கறுத்துக்கொண்டே போகின்றன. பீர்க்கங்காய் நார், எலுமிச்சை, சமையல் சோடா, கடலை மாவு என்று எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். "ஒழுங்கா குளிக்க மாட்டியா" என்று வகுப்பில் கேட்கிறார்களாம். துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டே போகிறாள். முகத்தில் பருவும் இருக்கிறது. எடை 70 கிலோ. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தோலுக்கு நல்லது என்று தினமும் ஏபிசி ஜூஸ், ராகிக் கஞ்சி கொடுக்கிறேன். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் வாங்கலாம் என்றிருக்கிறேன். இயற்கையான வழி ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தப் பீர்க்கங்காய் நாரை எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளின் கழுத்தில் இருப்பது அழுக்காக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர்கள் இதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். தோல் மருத்துவர்கள் உணவு ஆலோசனைக்கு அனுப்பும் பிள்ளைகளில் பலர் இதே கழுத்தோடுதான் வருகிறார்கள். எல்லார் வீட்டிலும் முதலில் நடப்பது தேய்ப்பதுதான்.

நீங்களே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் மகளைத் திரும்பி உட்காரச் சொல்லி, பின்கழுத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சற்றுத் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடும். ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பாலுண்ணி மாதிரி தொங்கும் சதை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசி போடும் முன் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒருமுறை மெதுவாகத் துடையுங்கள். அழுக்கென்றால் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். இது வராது.

ஏன் இப்படி ஆகிறது? சோறு, இட்லி, சர்க்கரை எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைச் செல்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, உடலசைவும் குறைந்துபோனால், செல்கள் இன்சுலினுக்கு மெத்தனமாகத்தான் பதில் தரும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள். கணையம் விடாது, இன்னும் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும். சர்க்கரை அளவு சரியாக இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் ரத்தத்தில் ஓடும் அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிவிடும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் தோல் வேகமாக வளர்ந்து தடிக்கும், கறுக்கும். இதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டினால் முகத்தில் எண்ணெய் வழியும், பரு வரும், மாதவிடாய் தள்ளிப்போகும். கழுத்து, பரு, மாதவிடாய் என்று நீங்கள் தனித்தனியாக எழுதிய மூன்றுக்கும் வேர் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் கிரீம் வாங்கும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, ஹீமோகுளோபின் இவற்றைப் பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே, எச்பிஏ1சி 5.7க்குக் கீழே என்றால் இயல்பு. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. இந்த வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சகஜம். அது இருந்தால் எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால்தான் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மாதவிடாய்க்காக மகப்பேறு மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்கள் எல்லாம் இயல்பாக வந்தால், "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து முன்கூட்டியே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒரு அறிகுறி கண்ணில் பட்டது உங்கள் மகளுக்கு நல்லதுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் நிறைய வேலை இருக்கிறது.

ஏபிசி ஜூஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றும் நல்ல பொருள்கள். அரைத்து வடிகட்டும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை தம்ளரில் நிற்கிறது. உங்கள் மகளுக்கு இப்போது தேவை அந்தச் சக்கை. கேரட்டையும் பீட்ரூட்டையும் பொரியலாக, ஆப்பிளைக் கடித்துச் சாப்பிடக் கொடுங்கள். ஆப்பிளுக்குப் பதில் கொய்யா கொடுத்தால் இன்னும் நல்லது. தோலை உறுதியாக வைக்கும் கொலாஜனை உடல் தயாரிக்க வைட்டமின் சி வேண்டும். ஒரு நாளைக்குத் தேவையான அளவு ஒரு நடுத்தரக் கொய்யாவிலேயே கிடைத்துவிடும். விலையும் குறைவு.

ராகிக் கஞ்சி பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது. ராகியில் கால்சியம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாவாக்கி, நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கும்போது எந்தத் தானியமும் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ கலந்தால் இன்னும் மோசம். இன்சுலினைப் பொறுத்தவரை வெள்ளைச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரைதான். ராகி வேண்டுமென்றால் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டுங்கள், கூட ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ வையுங்கள். சாமை, வரகு, குதிரைவாலி என்றால் முழுத் தானியமாக வேகவைத்துச் சோற்றுக்குப் பதிலாகப் போடுங்கள், அளவு பார்த்து. சிறுதானியம் என்பதற்காகத் தட்டு நிறையப் போட்டால் பலன் இல்லை.

நம் வீட்டுச் சாப்பாட்டில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, சோறு அதிகம், புரதம் குறைவு. "சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரை நிதானமாகத் தெளியவிட்டுப் பாருங்கள். அடியில் தங்கும் பருப்பு எவ்வளவு என்று தெரியும். 16 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம் போல. நாலு இட்லியும் சட்னியும், மதியம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும், ராத்திரி தோசையும் பொடியும் என்று ஓடும் நாளில் 46ஐத் தொடுவது சிரமம்.

இதற்காக வீட்டில் தனிச் சமையல் வேண்டாம். இருப்பதை மாற்றினால் போதும். காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை. வாரத்தில் இரண்டு நாள் இட்லி மாவுக்கு விடுமுறை கொடுத்து, பாதிக்குப் பாதி பருப்பு போட்ட அடையோ பச்சைப்பயறு தோசையோ சுடுங்கள். டிபன் பாக்ஸில் சாதத்தின் பக்கத்தில் உருளைக்கிழங்கை வைக்காதீர்கள். அது சோற்றுக்குச் சோறே துணை வைத்த மாதிரி. அவரை, பீன்ஸ், கோஸ், புடலை, கீரை என்று எதுவானாலும் சாதத்தின் அளவுக்குக் காயும் இருக்கட்டும். டியூஷன் முடிந்து வரும்போது பப்ஸும் பாட்டில் கூல்டிரிங்ஸும் வாங்கும் பழக்கம் இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான். 250 மில்லி பாட்டிலில் ஐந்து டீஸ்பூனுக்குக் குறையாத சர்க்கரை இருக்கிறது. அந்த நேரத்துக்கு வேர்க்கடலையோ சுண்டலோ மோரோ தயாராக இருந்தால் பிள்ளை கடைக்குப் போக மாட்டாள்.

சாப்பிடும் வரிசையும் உதவும். காயையும் முட்டையையோ பருப்பையோ முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. அப்புறம், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மகளோடு தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. கணையத்துக்கு வேலை குறைகிறது. பரீட்சை நேரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். தூக்கத்தைக் குறைத்தாலும் இன்சுலின் எதிர்ப்பு கூடும். விடியற்காலை வரை போன் பார்ப்பதை நிறுத்த வழி பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பட்டினி போடாதீர்கள், "சோற்றை விட்டால்தான் கழுத்து வெளுக்கும்" என்று பயமுறுத்தாதீர்கள். வளரும் பிள்ளை சட்டென்று எடை குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாக உதிரும், மாதவிடாய் இன்னும் தள்ளிப்போகும். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் மெதுவாகக் குறைந்தாலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். 70 கிலோவில் அது மூன்றரை முதல் 7 கிலோ. அதற்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளட்டும். தினமும் எடை பார்க்க வேண்டாம். சாப்பாட்டு மாற்றத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். அண்ணனுக்குப் பரோட்டா, இவளுக்குச் சுண்டல் என்றால் அந்தப் பெண் அதைத் தண்டனையாகத்தான் பார்ப்பாள். கழுத்து ஏன் கறுத்தது என்பதையும் அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். தான் சுத்தமில்லாத பெண் என்ற எண்ணத்தோடு இரண்டு வருடம் நடந்திருக்கிறாள். அது அவள் தப்பில்லை என்று அம்மா வாயால் கேட்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது மேலே பூசுவது. எலுமிச்சைச் சாறு கடும் அமிலம்; பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்புளித்து, முன்பைவிடக் கறுக்கும். சமையல் சோடா அதற்கு நேர் எதிர், காரம். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது. சோடா அந்தப் பாதுகாப்பைக் குலைக்கிறது. நாரால் அழுத்தித் தேய்ப்பதும் கறுப்பைக் கூட்டத்தான் செய்யும். நலங்கு மாவோ பயத்தம் மாவோ போட்டுக் கையால் மெதுவாகக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. குளித்ததும் ஈரத்தோடு கழுத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், வறட்சி குறையும். பரு உள்ள முகத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். தடிப்பு அதிகமென்றால் யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீமைத் தோல் மருத்துவர் எழுதித் தருவார். உள்ளே இன்சுலின் குறைந்தால்தான் அதுவும் நிலைக்கும். கறுப்பு குறையப் பல மாதம் ஆகும். முதல் மாதத்தில் எதுவும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "வெள்ளையாக்கும்" கிரீம்களை வீட்டுக்குள் விடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. பெயர் தெரியாத வெளிநாட்டு டப்பாக்களில் பாதரசமும் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2023ல் அத்தகைய கிரீம் பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஏற்கெனவே ஏதாவது ஸ்டீராய்டு கிரீமைத் தொடர்ந்து பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், அந்த டியூபையே தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுத்தர வயதுக்கு மேல் திடீரென்று கழுத்து கறுத்து, உள்ளங்கையும் வாய் உட்புறமும் தடித்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால் அது வேறு கதை. அரிதாக, உள்ளுறுப்பில் புற்றுநோய் இருப்பதன் அடையாளமாக இப்படி வரும். காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாகப் பயோட்டின் மாத்திரை. உங்கள் மகளின் கழுத்துக்கும் பருவுக்கும் அதனால் பயன் இல்லை. முட்டை, வேர்க்கடலை சாப்பிடும் பிள்ளைக்குப் பயோட்டின் குறைவு வருவதே அரிது. ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு நாளாவது அதை நிறுத்தி வையுங்கள். அதிக அளவு பயோட்டின் அந்தப் பரிசோதனையின் முடிவைத் தப்பாகக் காட்டும். லேபிலும் மருத்துவரிடமும் மாத்திரை சாப்பிட்டதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.